பெரிய ஸ்கூட்டர் வாங்கலாமா? யார் பெயரில் வாங்குவது?



வாகனக் கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களில் முன்பெல்லாம் எக்ஸ்.எல், ஸ்கூட்டி, ஆக்டிவா என்றுதான் எழுதி வரும். இப்போது, "அந்தப் பெரிய ஸ்கூட்டர் சார், முன்னாடி கண்ணாடி வச்சது" என்று கேட்கிறார்கள். மகள் சொன்னாள், மகன் சொன்னான் என்று வருபவர்களும் உண்டு. வாங்குவது உங்கள் விருப்பம். ஆனால் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வகைக்கு மேக்ஸி ஸ்கூட்டர் என்று பெயர். அகலமான சீட்டு, காற்றைத் தடுக்கும் முன் கண்ணாடி, காலை நீட்டி உட்கார இடம், பெரிய டிக்கி. கியர் கிடையாது. வெளிநாடுகளில் 250, 400 சிசி அளவில் நெடுந்தூரப் பயணத்துக்கு ஓட்டுகிறார்கள். நம் நாட்டில் 2021-ல் பி.எம்.டபிள்யூ கம்பெனி 350 சிசி ஸ்கூட்டர் ஒன்றை விற்பனைக்கு விட்டது. விலை 9 லட்சத்து 95 ஆயிரம்! அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் பார்ப்பது 2018-ல் வந்த சுசுகி பர்க்மேன் 125 சிசி, 2021-ல் வந்த யமஹா ஏராக்ஸ் 155 சிசி, 2025-ல் வந்த ஹீரோ ஜூம் 160 போன்றவைதான்.

பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் குனிந்து கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். பர்க்மேனில் அது தட்டையாக இருக்கும். ஏராக்ஸிலும் ஜூம் 160-லும் நடுவில் மேடு எழும்பி இருக்கும். நமக்கு இதுதான் பெரிய வித்தியாசம். பால் கேன், தவிட்டு மூட்டை, ரேஷன் அரிசிப் பை எல்லாம் நாம் எங்கே வைக்கிறோம்? காலடியில்தானே? நடுவில் மேடு இருந்தால் எதுவும் வைக்க முடியாது. சேலை கட்டிக்கொண்டு ஏறுவதும் சிரமம். பைக்கில் ஏறுவது போல் காலைத் தூக்கித்தான் போட வேண்டும். டிக்கி பெரிசு என்று கடைக்காரர் காட்டுவார். ஏராக்ஸில் 24.5 லிட்டர், பர்க்மேனில் 21.5 லிட்டர். ஒரு ஹெல்மெட்டும் காய்கறிப் பையும் போகும், மூட்டை போகாது.

அடுத்தது எடை. பர்க்மேன் சுமார் 110 கிலோ, ஏராக்ஸ் 126 கிலோ. ஓடும்போது இந்த எடை தெரியாது, வண்டி அசையாமல் நிற்கும், எதிர்க்காற்றில் ஆடாது. சந்தையில் நெருக்கி நிறுத்திய இடத்தில் பின்னால் இழுக்கும்போதும், சென்டர் ஸ்டாண்டு போடும்போதும்தான் தெரியும். அதனால் கடையில் வெறுமனே உட்கார்ந்து பார்த்து விட்டு வராதீர்கள். வழக்கமாகக் கட்டும் உடையில், வழக்கமான செருப்போடு போங்கள். சீட்டு அகலம் என்பதால் தொடை விரிந்து, கால் நிலத்தில் முழுசாகப் படாமல் போகலாம். இரண்டு முன்பாதமும் அழுத்தமாகப் பதிய வேண்டும். பிறகு நீங்களே தனியாகப் பத்தடி பின்னால் தள்ளுங்கள், ஸ்டாண்டு போடுங்கள். கடைப் பையன் உதவிக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் அவன் இருக்க மாட்டான்.

பெரிய வண்டியில் நல்லதும் உண்டு. ஏராக்ஸின் சக்கரம் 14 அங்குலம், பள்ளத்தில் குலுக்கல் குறையும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏ.பி.எஸ் பிரேக் கட்டாயம். ஈர ரோட்டில் சட்டென்று பிடித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காது. 125 சிசி வரை உள்ளவற்றில் சி.பி.எஸ் ஆவது இருக்க வேண்டும், அதாவது ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும். தினம் 30, 40 கிலோமீட்டர் நல்ல ரோட்டில் போகும் நர்ஸுக்கோ கணக்காளருக்கோ பெரிய ஸ்கூட்டர் முதுகுக்குச் சுகம். ஊருக்குள் பால் ஊற்றுபவருக்குச் சாதாரண ஸ்கூட்டர் போதும் என்பதே எங்கள் கருத்து. பெட்ரோலையும் பாருங்கள். மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டினால், 50 கொடுக்கும் வண்டிக்கு 15 லிட்டர், 40 கொடுக்கும் வண்டிக்கு 18.75 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 375 ரூபாய் கூடுதல்.

இனி முக்கியமான விஷயம். வண்டி யார் பெயரில்?

"கடன் என் பேர்ல, ஆர்.சி. புக் அவர் பேர்ல" என்று பல சகோதரிகள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். இது வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். இன்சூரன்ஸில் 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு பகுதி இருக்கிறது. அது 'உரிமையாளர்-ஓட்டுநர்' என்பவருக்கு மட்டும்தான். ஆர்.சி.யில் பெயர் இருக்க வேண்டும், பாலிசி அவர் பெயரில் இருக்க வேண்டும், செல்லத்தக்க லைசென்ஸும் இருக்க வேண்டும். கணவர் பெயரில் உள்ள வண்டியை நீங்கள் ஓட்டிப் போய் விபத்தில் உயிர் போனால், அந்த 15 லட்சம் உங்கள் பிள்ளைகளுக்கு வராது. தவணை கட்டியது நீங்கள்தான் என்று குழுவின் ரசீதைக் காட்டினாலும் செல்லாது.

லைசென்ஸ் எடுக்காமல் இருந்தாலும் இதே கதிதான். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கலாம். கியர் இல்லாத வண்டிக்கு உரிய லைசென்ஸ் போதும். பெரிய ஸ்கூட்டர் என்பதற்காக வேறு வகை தேவையில்லை.

பெயர் உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையதுதான். பத்தாவது, பதினோராவது படிக்கும் பையன் சாவியைக் கேட்பான். பெரிய ஸ்கூட்டர் என்றால் நிச்சயம் கேட்பான். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. "சும்மா கடைக்குத்தான் போனான்" என்பது அங்கே எடுபடாது.

ஒரு சின்ன விஷயம், பலரும் கவனிப்பதில்லை. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே போடுகிறார்கள். அதனால் "அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லை" என்று பேப்பரை மடித்துப் பீரோவில் வைத்து விடுகிறோம். ஆனால் 15 லட்சம் விபத்துக் காப்பீடும், நம் வண்டிச் சேதத்துக்கான காப்பீடும் ஒரு வருடத்துக்கு மட்டும் போட்டிருக்கலாம். பாலிசியில் ஒவ்வொன்றுக்கும் முடியும் தேதி தனித்தனியாக இருக்கும். மகளையோ உங்கள் ஊக்குநரையோ படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதே தாளில் நியமனதாரர் என்ற இடமும் இருக்கும். அங்கே யார் பெயர் எழுதியிருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காலியாக இருந்தால் வண்டி எடுக்கும் அன்றைக்கே எழுதச் சொல்லி, ஒரு ஜெராக்ஸைக் குழு ஃபைலில் கொடுத்து வையுங்கள்.