எவர்சில்வரில் ஊசித் துளை!

எவர்சில்வர் என்று பேர் வைத்துவிட்டதால் அதற்கு அழிவே கிடையாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மகளுக்குச் சீர் கொடுக்கும்போது பேர் வெட்டி வாங்குகிறோம். பேத்தி காலம் வரை வரும் என்று நம்பிக்கை. ஆனால், பல வருஷமாக உப்புப் போட்டு வைத்த எவர்சில்வர் டப்பாவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடியில் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி தெரிந்தாலும் தெரியும். சுற்றிலும் பளபளவென்றுதான் இருக்கும். இரும்புச் சட்டி மாதிரி மேனி முழுக்கத் துருப் பிடிக்காமல், ஓரிடத்தில் மட்டும் குழி விழுவானேன்?

எவர்சில்வரும் இரும்புதான். அதில் குரோமியம் கலந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி 1913-இல் உருக்கிய உருக்கு இந்த வகைதான். குரோமியம் காற்றுப் பட்டதும் பாத்திரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திவிடும். சிராய்ப்பு விழுந்தால் தானே மூடிக்கொள்ளும்.

இந்தத் தோலுக்கு எதிரி உப்பில் உள்ள குளோரைடு. தோல் பலவீனமாக இருக்கும் இடமாகப் பார்த்து உள்ளே நுழைந்துவிடும். குழிக்குள் காற்றுப் புகாததால் தோல் மறுபடி வளராது. குளோரைடு மேலும் மேலும் அங்கேயே சேரும். உள்ளே இருக்கும் நீர் அமிலமாக மாறி உலோகத்தைத் தின்னும்.

மேலே பார்த்தால் ஊசிமுனை அளவு, உள்ளேயோ குகை! பல் சொத்தை மாதிரிதான். அறுத்துப் பார்த்தால் அப்போதைய நிலை தெரியும். அது எப்படி வளர்ந்தது என்பது தெரியாது. இங்கேதான் எக்ஸ்ரே கைகொடுக்கிறது. 1895-இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த அதே கதிர்தான். ஆனால் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இதற்குப் போதாது. எலெக்ட்ரான்களைப் பெரிய வளையத்துக்குள் ஒளியின் வேகத்துக்குச் சற்றே குறைவாக ஓடவிட்டால், மிகப் பிரகாசமான எக்ஸ்ரே கிடைக்கும். அதற்கு சிங்க்ரோட்ரான் என்று பெயர். இங்கிலாந்தில் 'டைமண்ட்' என்ற சிங்க்ரோட்ரான் 2007 முதல் இயங்குகிறது. நம் நாட்டில் இந்தூரில் 'இண்டஸ்-2' இருக்கிறது.

பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியை அலிசன் டேவன்போர்ட்டும் அவர் குழுவினரும் மெல்லிய எவர்சில்வர் தகட்டை உப்பு நீரில் வைத்து, குழி வளர வளர எக்ஸ்ரேயில் படம் பிடித்தார்கள். குழியின் வாயில் சல்லடை போல் ஓட்டை ஓட்டையாக ஒரு மெல்லிய உலோக மூடி நிற்கிறது. அடியில் இரும்பு கரைந்து உண்டான உப்பு படிந்து கிடக்கிறது. மூடி இருப்பதால் உள்ளே உள்ள அமிலம் வெளியேறுவதில்லை. குழி விழுந்த பிறகு என்னதான் தேய்த்துக் கழுவினாலும் ஏன் பிரயோஜனம் இல்லை என்பது இப்போது புரிகிறதல்லவா? வருமுன் காப்பதுதான் வழி.

சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடிப் பக்கம் போனால் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். துறைமுகத்தில் நாளெல்லாம் உப்புக் காற்று. உலோகத்தை உப்பு என்ன செய்யும் என்று ஆராய இதைவிட நல்ல இடம் ஏது? 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் கிளை வைத்திருப்பது இதற்காகத்தான்.

நம் அடுப்படியில் செய்ய வேண்டியவை:

உப்பு, ஊறுகாய், உப்புக்கண்டம் இவற்றுக்குப் பீங்கான் ஜாடியோ கண்ணாடி பாட்டிலோதான் ஏற்றது.

பச்சைத் தண்ணீரில் கல் உப்பைப் போட்டால் அடியில் போய்த் தங்கும். கொதித்த பின் போட்டுக் கலக்கி விடுங்கள்.

புளிக்குழம்பும் மீன் குழம்பும் மீந்தால் ராத்திரி முழுக்க எவர்சில்வரில் விடாமல் மண்சட்டிக்கு மாற்றுங்கள்.

பிளீச்சிங் பவுடரிலும் குளோரின் உண்டு. அந்தத் தண்ணீரில் பாத்திரத்தை ஊறப்போடாதீர்கள்.

கழுவியதும் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். ஈரம் இல்லாத இடத்தில் உப்பு ஒன்றும் செய்யாது.

வாங்கும்போது '304' அல்லது '18/8' முத்திரை உண்டா என்று கேளுங்கள். குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் என்று அர்த்தம். மலிவு ரகங்களில் நிக்கல் குறைவு. அவை சீக்கிரம் குழி விழும்.

ஒரு புள்ளி கண்டதும் விஷமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் குழியில் அழுக்குத் தங்கும். குழந்தைக்குப் பால் காய்ச்சும் பாத்திரமாக இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. ஒழுக ஆரம்பித்த பாத்திரத்தைப் பழசுக்குப் போட்டுவிடுங்கள்.

பேரில் 'எவர்' இருந்தால் மட்டும் போதாது. அதை நிலைக்க வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.