பனிமலைக்குப் போவோம்: லுசேர்னில் தங்கி ஒரு விடுமுறை

பெப்ரவரி வந்தால் சுவிஸ் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் விளையாட்டு விடுமுறை. மற்றப் பிள்ளைகள் பனிச்சறுக்கலுக்குப் போய்வந்து கதை சொல்ல, எங்கள் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் தயங்குவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று செலவு. மற்றது, விழுந்து கால் முறிந்தால் வேலை என்னாவது என்ற பயம். இரண்டுக்கும் வழியுண்டு.

மலையூரில்தான் தங்கவேண்டும் என்றில்லை. லுசேர்ன் நகரில் உறவினர் வீட்டிலோ இளைஞர் விடுதியிலோ தங்கலாம். காலையில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எங்கெல்பேர்க். ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர் அது. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ரயிலில் ரிக்கற் இல்லை. ஜூனியர் அட்டை எடுத்தால் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோருடன் இலவசமாகப் போகலாம். 3238 மீற்றர் உயரமான ரிற்லிஸ் உச்சிக்கு முதல்தடவையே ஏறத் தேவையில்லை. பழகுபவர்களுக்கான சரிவுகள் ஊரோடு உள்ளன. சின்னவர்களுக்குச் சறுக்குவண்டியே போதும்.

சறுக்குப்பலகை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் வாடகைக்கு எடுக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கு வாங்குவது வீண். பனியுடுப்புகளைப் புறோக்கி கடைகளில் தேடுங்கள். உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் குளிர் ஏறும். கம்பளி நல்லது. வெண்பனியில் வெயில் தெறிக்கும். எங்கள் நிறத்துக்கும் கிறீமும் கறுப்புக் கண்ணாடியும் தேவை. புட்டோ சோறோ கட்டி, பிளாஸ்கில் தேநீரும் கொண்டுபோனால் சாப்பாட்டுச் செலவு மிச்சம்.

முதல்நாள் ஒரு ஆசிரியரிடம் பழகுவது நல்லது. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கிப் பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். நிற்கத் தெரிந்த பிறகுதான் ஓட்டம். நீலக் குறியிட்ட பாதை இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். குறியிட்ட பாதைக்கு வெளியே போகவே கூடாது. பனிச்சரிவு ஆளை மூடிவிடும். களைத்தவுடன் நிறுத்துங்கள். மலையில் விபத்து நடந்தால் ரேகா மீட்புச் சேவையின் இலக்கம் 1414.

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். ஒரே முதலாளியிடம் வாரம் குறைந்தது 8 மணித்தியாலம் வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் சட்டப்படி காப்புறுதி உண்டு. சம்பளச் சிட்டையில் அதற்கான கழிவைப் பாருங்கள். வைத்தியச் செலவும், விபத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தின் 80 வீதமும் கிடைக்கும். ஆனால் வேலைக்குப் போகாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது. அவர்களுடைய மருத்துவக் காப்புறுதியில் விபத்தும் சேர்க்கப்பட்டுள்ளதா என்று புறப்படுமுன் கட்டாயம் பாருங்கள்.

எஃப் அனுமதி வைத்திருப்பவர்கள் நினைத்தபடி எல்லை தாண்ட முடியாது. இந்தப் பயணத்துக்கு எல்லையும் இல்லை, விசாவும் இல்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போனால் சின்னவர்களை மாறிமாறிப் பார்த்துக்கொள்ளலாம். தொழிற்சாலையில் அந்த நாட்களுக்கு லீவு கேட்பவர்கள் பலர். ஆகவே நத்தாருக்கு முன்னரே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.