தேநீர்க்கடை வாங்கு

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகர் செல்லும் பெருவீதியிலே சண்டிலிப்பாயைத் தாண்டினால் அடுத்து வருவது சங்கானை. இப்பகுதிச் சந்திகளிலே பழைய தேநீர்க்கடைகளைக் காணலாம். கண்ணாடிப் பெட்டியிலே வடையும் வாய்ப்பனும். உள்ளே நீண்டதொரு வாங்கு. தோட்டத்தால் வந்தவரும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரும், பத்திரிகை பார்க்க வந்தவரும் அதிலே அருகருகே அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். இளைஞர்களுக்கு இக்காட்சியிலே புதுமை எதுவும் தோன்றாது. ஆயினும் அந்த வாங்குக்கு ஒரு வரலாறு உண்டு.

தேநீர் நம் முன்னோர் அறிந்த பானமன்று. 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் என்பவர் மலைநாட்டிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட பின்னரே அது இந்நாட்டின் பெரும் பயிராயிற்று. கஞ்சியும் மோருமாயிருந்த நம் வீடுகளுக்குள் அது நுழைந்தது அதற்கும் பிந்தி. எனவே தேநீர்க்கடைக்கென்று ஆகமமும் இல்லை. பரம்பரை ஆசாரமும் இல்லை. ஆனால் சாதி மட்டும் முந்திக்கொண்டு வந்து அங்கே உட்கார்ந்துவிட்டது!

தாழ்த்தப்பட்ட மக்கள் கடைக்குள்ளே கால் வைத்தல் ஆகாது. வெளியே நின்றோ, நிலத்திலே குந்தியோ குடித்தல் வேண்டும். மற்றையோருக்குக் கண்ணாடிக் குவளை. இவர்களுக்குப் போத்தல், தகரப் பேணி, சிலவிடங்களிலே சிரட்டை. காசிலே மாத்திரம் பேதமில்லை. கல்லாப்பெட்டிக்குள் விழுந்த சதத்தை எந்த முதலாளியும் சாதி பார்த்துப் பிரித்து வைத்ததில்லை.

1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. உணவுச்சாலைகளிலே சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றமாயிற்று. எனினும் ஏட்டிலே இருந்த சட்டம் வாங்குக்கு வந்து சேரவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடிக்கும் அது கலையவில்லை. அதன் வழியே எழுந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்திலே எழுத்தாளர் கே. டானியலும் முன்னின்று உழைத்தார்.

பின்னர் நடந்தது பார்வைக்கு மிக எளிய செயல்: சிலர் கடைக்குள் சென்று வாங்கிலே அமர்ந்து, “தேநீர் தாருங்கள்” என்று கேட்டார்கள். அவ்வளவே! அதற்காக அடிபட்டோர் பலர். சங்கானையிலே உயிர்ப்பலியும் நேர்ந்தது. காலப்போக்கிலே கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வீடுகளிலே தனிப்பேணி முற்றாக ஒழிந்துவிட்டதா என்பதை அவரவரே சொல்லிக்கொள்ளட்டும்.

1968ஆம் ஆண்டிலே போராட்டம் தேநீர்க்கடையிலிருந்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலுக்குச் சென்றது.