காவல் புரதங்களை முடக்கும் வைரஸ்

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1980-களில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். பிறகுதான் மார்பகப் புற்றுநோய் முந்தியது.

கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ், குறிப்பாக 16, 18 வகைகள். செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்க பி53, ஆர்பி என்ற காவல் புரதங்கள் உண்டு. வேறு பல புற்றுகளில் பி53 மரபணுவே பழுதாகும். இங்கே மரபணு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது! வைரஸின் இ6 புரதம் பி53-ஐச் சிதைக்கிறது. இ7, ஆர்பியை முடக்குகிறது.

தொற்று பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானே நீங்கிவிடும். நீங்காமல் தங்கினாலும், புற்றாக மாற வழக்கமாக 10 ஆண்டுக்கு மேல் பிடிக்கும். 30 வயது கடந்த பெண்கள் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக்கொள்ளலாம். சில நிமிட வேலைதான்.