வீட்டோடு கைமாறும் சூரியத் தகடுகள்

கமுதியில் 2016-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், வானம் பார்த்த பூமியான இராமநாதபுரத்தில் அமைய முடிந்தது. குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லுக்கே நிலம் போய்விடும் தஞ்சைத் தரணியில் அத்தகைய பரப்புக்கு இடமில்லை. இங்கே வெயிலை மின்சாரமாக்கும் வாய்ப்பு பெரும்பாலும் வீட்டு மாடிகளிலேயே இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு, ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் மாடிகளில் தகடுகளைப் பெருக்கிவரும் நிலையில், தகடு பொருத்திய வீடு விலைக்கு வரும்போது அந்தத் தகடுகளுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எழுகிறது. ‘மூன்று கிலோவாட்’ என்று விற்பவர் சொல்லும் எண், அவை புதிதாக இருந்தபோது, ஆய்வக நிலையில், நிழலே படாமல் தரக்கூடிய உச்ச அளவை மட்டுமே குறிக்கும்.

சிலிக்கான் படிகத்தின் மீது ஒளி விழும்போது எலக்ட்ரான்கள் விடுபட்டு ஓடுவதே சூரிய மின்சாரத்தின் அடிப்படை. ஒரு மின்கலம் தரும் மின்னழுத்தம் அரை வோல்ட் அளவே என்பதால், பல மின்கலங்களை வரிசையாக இணைத்துத் தகடாகவும், தகடுகளை மீண்டும் வரிசையாக இணைத்து ஒரு தொடராகவும் அமைக்கிறார்கள். வாய்க்காலின் நடுவே ஒரு மதகு அடைபட்டால் கடைமடை முழுவதும் காய்வதைப் போல, தொடரில் ஒரு மின்கலத்தின் மீது நிழல் விழுந்தால் மற்றவற்றின் மின்னோட்டமும் குறைகிறது. நிழல்பட்ட மின்கலமோ மின்சாரத்தைத் தருவதற்குப் பதிலாக உள்வாங்கிச் சூடேறுகிறது. இதைத் தவிர்க்கவே, மின்னோட்டத்தை மாற்றுவழியில் திருப்பிவிடும் டயோடுகள் தகட்டின் பின்புறப் பெட்டியில் வைக்கப்படுகின்றன. இருப்பினும் இழப்பு முழுவதும் நீங்குவதில்லை.

டெல்டாவில் இந்த நிழலைத் தருவது பெரும்பாலும் தென்னைதான். தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், மார்கழியில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 34 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது மாடிக்கு மேல் பத்து மீட்டர் உயர்ந்து நிற்கும் தென்புறத் தென்னை, மாடியில் ஏழு மீட்டர் வரை நிழலை நீட்டும். ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை சூரியன் உச்சிக்கு வடக்கே செல்வதால், வடக்கேயுள்ள மரமும் அண்டை வீட்டு நீர்த்தொட்டியும் அந்த மாதங்களில் நிழல் தரத் தொடங்கும். எனவே சித்திரையில் வீடு பார்க்க வருபவர் காணும் மாடி, மார்கழியில் அதே மாடியாக இருக்காது. சுற்றுச்சுவருக்கு அப்பால் உள்ள இளந்தென்னைகளையும் எதிர்கால நிழலாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

தகட்டை நெருங்கிப் பார்ப்பதும் பயன் தரும். அறுவடைக் காலத்தில் பறக்கும் வைக்கோல் தூசும், அரிசி ஆலைகளை ஒட்டிய பகுதிகளில் படியும் உமிச் சாம்பலும் பனியில் நனைந்து தகட்டின் கீழ் விளிம்பில் பட்டையாகத் திரளும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரால் தொடர்ந்து கழுவப்பட்ட தகட்டில், துடைத்தாலும் போகாத வெண்படலம் அதே விளிம்பில் காணப்படும். மின்கலங்களின் மேல் பழுப்பேறியிருப்பதும், பின்தாள் மஞ்சளாகி வெடித்திருப்பதும் வெப்பமும் ஈரமும் உட்புகுந்ததன் அடையாளங்கள். நல்ல தகடு ஆண்டுக்கு அரை விழுக்காடு அளவில்தான் திறன் இழக்கும் என்பது உலக அனுபவம். ஆனால் மும்பை ஐ.ஐ.டி.யும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் இந்தியா முழுவதும் நடத்திய கள ஆய்வுகள், வெப்பப் பகுதிகளிலும் சிறிய கூரை அமைப்புகளிலும் தேய்மானம் வேகமாக நிகழ்வதைக் காட்டின.

இவை அனைத்தின் கூட்டு விளைவையும் காட்டுவது உற்பத்திக் கணக்கு. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும் என்பதால், மூன்று கிலோவாட் அமைப்பிலிருந்து ஆண்டுக்கு 4,000 யூனிட்டுக்குக் குறையாமல் எதிர்பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை மேகத்தில் ஐப்பசி, கார்த்திகை உற்பத்தி குறைவது இயல்பு. ஆகவே இரண்டு மாதக் கணக்கு போதாது, ஓராண்டுக்குரியதைக் கேட்க வேண்டும். வீட்டுக்கு எடுத்ததையும் வெளியே அனுப்பியதையும் மின் கட்டணப் பட்டியல்கள் காட்டும். மொத்த உற்பத்தியை அறிய, தகட்டின் நேர்மின்சாரத்தை வீட்டுக்குரிய மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரின் பதிவையே பார்க்க வேண்டும். தகடு 25 ஆண்டுகள் உழைத்தாலும், இன்வெர்ட்டர் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டியது என்பதும் விலையில் சேரவேண்டிய கணக்கு.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை இப்பகுதி மறக்காது. காற்றின் வேகம் இரட்டித்தால் தகட்டை மேலே தூக்கும் விசை நான்கு மடங்காகும் என்பதால், தாங்கு சட்டங்களின் துருவையும், அவை காங்கிரீட்டில் எப்படிப் பிணைக்கப்பட்டுள்ளன என்பதையும், தட்டோடு பதித்த தளம் துளையிட்ட இடத்தில் நீர்க்கசிவு உள்ளதா என்பதையும் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்ப்பது நல்லது. மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி இல்லாத அமைப்பு, மின்தடையின்போது வீட்டுக்கு விளக்கெரிக்க உதவாது. கம்பியைச் சீரமைக்கும் ஊழியர் மீது மின்சாரம் பாயாதிருக்க, வெளியே மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்.

ஆவணங்களில் ஓர் இடைவெளி உண்டு. வில்லங்கச் சான்று பதிவு செய்யப்பட்ட பத்திரங்களை மட்டுமே காட்டுவதால், ஈடின்றித் தகடுக்காக வாங்கிய வங்கிக் கடன் அதில் தெரியாது. கடன் தீர்ந்ததற்கான சான்றைத் தனியே பெற வேண்டும். அனுப்பிய யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழிக்கும் நிகர அளவீட்டு முறையை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 ஆணை வீட்டு இணைப்புகளுக்கு அளித்துள்ளது. அந்த ஒப்பந்தம் மின் இணைப்புதாரரின் பெயரில் இருப்பதால், இணைப்பின் பெயர் மாற்றத்தோடு அதையும் மின் பகிர்மானக் கழகத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, அரசு மூன்று கிலோவாட்டுக்குக் கொண்ட அடிப்படை மதிப்பு 1,45,000 ரூபாய். புதிதாக நிறுவுவோருக்கு உரிய 78,000 ரூபாய் மானியம் போக எஞ்சுவது 67,000. சந்தை விலை இதைவிடக் கூடுதலாக இருந்தாலும், பழைய தகடுகளுக்காக வீட்டு விலையில் லட்சக்கணக்கில் ஏற்றுவதற்கு நியாயமில்லை. ஓராண்டு உற்பத்திக் கணக்கைக் காட்ட முடியாத அமைப்புள்ள வீட்டை, தகடே இல்லாத வீடாகக் கருதி விலை பேசுவதே வாங்குபவருக்குப் பாதுகாப்பு.