வலையிட மறுவிற்பனை

வலையிட மறுவிற்பனை என்பது, ஒரு வழங்கி நிறுவனத்திடம் வன்தட்டு இடத்தையும் தரவுப் போக்குவரத்து அளவையும் மொத்தமாக வாடகைக்குப் பெற்று, அவற்றைச் சிறு கூறுகளாகப் பிரித்துப் பிறருக்குத் தம் பெயரிலேயே வழங்கும் தொழில் ஆகும். இதைச் செய்பவர் மறுவிற்பனையாளர் எனப்படுகிறார். பெரும்பாலும் இணையத்தள வடிவமைப்பாளர்களே இத்தொழிலில் ஈடுபடுகின்றனர். பத்து, இருபது கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் தளம் அமைத்துக் கொடுத்த ஒருவர், ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தனித்தனி நிறுவனத்திடம் அனுப்புவதைக் காட்டிலும், எல்லாத் தளங்களையும் ஒரே இடத்தில் தாமே பேணுவது எளிது எனக் காண்கிறார். வழங்கிக் கணினி அவருடையதன்று. ஆனால் தளம் இயங்காது போனால் வாடிக்கையாளர் அழைப்பது அவரைத்தான்.

பின்னணி

ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இயங்க முடிவதே இத்தொழிலின் அடிப்படையாகும். தொடக்கத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐ.பி. முகவரி தேவைப்பட்டது. நான்காம் பதிப்பு ஐ.பி. முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான் என்பதால் இம்முறை நெடுங்காலம் நீடிக்க இயலாததாக இருந்தது. 1997 இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறை, உலாவி தான் நாடும் தளத்தின் பெயரையும் கோரிக்கையுடன் சேர்த்து அனுப்ப வேண்டும் என வரையறுத்தது. அதன் பின், ஒரே முகவரிக்கு வரும் கோரிக்கைகளைப் பெயரைக் கொண்டு பிரித்து, உரிய அடைவில் உள்ள கோப்புகளை அனுப்புவது வழங்கிக்கு இயல்பான வேலையாயிற்று.

இரண்டாவது தேவை, கட்டளை வரி அறியாதவரும் கணக்குகளை ஆளக்கூடிய ஓர் இடைமுகம். 1996 இல் நிக் கோஸ்டன் உருவாக்கிய சிபேனல் என்னும் மென்பொருள் இவ்வகையில் மிகவும் பரவியது. பிளெஸ்க், டைரக்ட்அட்மின் ஆகியனவும் இவ்வகையினவே. சிபேனலில் இரு அடுக்குகள் உண்டு: மறுவிற்பனையாளர் டபிள்யூ.எச்.எம். எனப்படும் மேலாண்மைப் பலகத்தைப் பயன்படுத்துகிறார். அவருடைய வாடிக்கையாளர் தம் தளத்தை மட்டும் ஆளும் சிறிய பலகத்தைக் காண்கிறார்.

கணக்கு அமைத்தல்

முதலில் பொதிகள் வரையறுக்கப்படுகின்றன. ஒரு பொதி என்பது இவ்வளவு வட்டிடம், இத்தனை அஞ்சல் பெட்டிகள், இத்தனை தரவுத்தளங்கள் என்னும் எல்லைகளின் தொகுப்பு. பின்னர் ஆள்களப் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுத்தால், அப்பயனருக்குரிய அடைவையும் பெயர்ச் சேவைப் பதிவுகளையும் மென்பொருளே உருவாக்கிவிடும். இதற்குச் சில நொடிகளே ஆகும்.

வாங்கிய அளவைக் காட்டிலும் கூடுதலாக விற்பது இத்தொழிலில் வழமையானது. 50 கிகாபைட்டு வாங்கியவர், 5 கிகாபைட்டு வீதம் இருபது பேருக்குக் கொடுப்பதுண்டு. பெரும்பாலான சிறு தளங்கள் தமக்குரிய இடத்தில் ஒரு சிறு பங்கையே நிரப்புவதால் இது பொதுவாகத் தொல்லை தருவதில்லை. உண்மையில் முதலில் தீர்ந்துபோவது வட்டிடமன்று, செயலியும் நினைவகமுமே. சரியாக எழுதப்படாத ஒரு நிரல் அக்கணினியில் உள்ள அனைவரையும் மந்தமாக்கிவிடும். 2010 இல் வெளியான கிளவுட்லினக்சு இயங்குதளம், ஒவ்வொரு கணக்கும் பயன்படுத்தக்கூடிய செயலி நேரத்துக்கும் நினைவகத்துக்கும் வரம்பு விதித்து இதை ஓரளவு தீர்த்தது.

சிபேனலின் உரிமக் கட்டணம் முன்னர் ஒரு வழங்கிக்கு இவ்வளவு என்றே இருந்தது. 2019 இல் அது கணக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததாக மாற்றப்பட்டது. அதுவரை பார்வையாளர் எவரும் வராத சோதனைத் தளங்களைக்கூட நீக்காமல் வைத்திருந்த மறுவிற்பனையாளருக்கு, ஒவ்வொரு கணக்கும் செலவாகத் தெரியத் தொடங்கியது. குறைந்த விலையை நம்பித் தொழில் நடத்தியோரை இம்மாற்றம் கடுமையாகத் தாக்கியது எனலாம்.

ஆள்களப் பெயரை இணைத்தல்

கணக்கு உருவானவுடன் தளம் இணையத்தில் தெரிந்துவிடாது. ஆள்களப் பெயர் பதிவாளரிடத்தில் பெயர் வழங்கிகளை மாற்ற வேண்டும். பல மறுவிற்பனையாளர்கள் மூல நிறுவனத்தின் பெயர் வெளித்தெரியாதிருக்கத் தம் ஆள்களத்தின் கீழேயே பெயர் வழங்கிகளை அமைத்துக்கொள்கின்றனர். இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. அந்த ஆள்களத்தின் முகவரியை அறிய அதன் பெயர் வழங்கியைக் கேட்க வேண்டும். பெயர் வழங்கியின் முகவரியை அறிய அதே ஆள்களத்தைக் கேட்க வேண்டும். இச்சுழலை உடைக்க, பெயர் வழங்கிகளின் ஐ.பி. முகவரிகள் பதிவாளர் வழியாக மேல்நிலை ஆள்களத்திலேயே பதியப்படுகின்றன. புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இதுவே.

மறைகுறியீட்டுச் சான்றிதழுக்கும் முன்னர் தனி ஐ.பி. முகவரி தேவைப்பட்டது. தொடர்பின் தொடக்கத்திலேயே தளப் பெயரை அறிவிக்கும் நீட்டிப்பு 2003 இல் வரையறுக்கப்பட்டபோதிலும், விண்டோசு எக்ஸ்பியில் இயங்கிய இன்டர்நெட் எக்சுபுளோரர் அதை அறியாததால் பல ஆண்டுகள் அதனை நம்ப முடியவில்லை. 2015 இன் இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு பொதுமக்களுக்கு இலவசச் சான்றிதழ்களை வழங்கத் தொடங்கிய பின், சான்றிதழ் பெறுவதும் புதுப்பிப்பதும் தாமாக நிகழ்கின்றன. எனினும் வழமையான சரிபார்ப்பு முறையில் ஆள்களப் பெயர் புதிய வழங்கியைச் சுட்டிய பின்னரே சான்றிதழ் கிடைக்கும். ஆகையால் மாற்றம் செய்த முதல் சில நிமிடங்களில் உலாவி எச்சரிக்கை காட்டினால் வியப்பதற்கில்லை.

இயங்கும் தளத்தை இடம் மாற்றுதல்

பெயர்ச் சேவைப் பதிவு ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பிற கணினிகளால் நினைவில் வைக்கப்படலாம் என்பது நொடிகளில் குறிக்கப்பட்டிருக்கும். 86400 என்றிருந்தால் ஒரு முழு நாள். இடமாற்றத்துக்கு முந்தைய நாளே இதை 300 ஆகக் குறைத்தால், மாற்றம் ஐந்து நிமிடங்களில் பரவும். மாற்றுவதற்கு முன் தளத்தைச் சோதிக்க, தம் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய முகவரியை எழுதிப் பார்க்கலாம். உலகம் பழைய தளத்தைக் காண, எழுதியவர் மட்டும் புதியதைக் காண்பார். சோதனை முடிந்ததும் அவ்வரியை நீக்க மறப்பவர்கள் பலர்.

தமிழ்த் தளங்களுக்கு இங்கு தனி இடர் ஒன்று உண்டு. மைசீக்குவல் தரவுத்தளத்தின் இயல்பான எழுத்துக் குறிமுறை 8.0 பதிப்புக்கு முன்னர் இலத்தீன்-1 ஆகவே இருந்தது. ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொண்டது. அவற்றை மூன்று இலத்தீன் எழுத்துகள் என்று தரவுத்தளம் தவறாகக் கருதினாலும், அதே மூன்றைத் திருப்பித் தருவதால் தளம் பிழையின்றித் தெரிந்தது. இடமாற்றத்தின்போது அவ்வெழுத்துகள் மீண்டும் ஒருமுறை யு.டி.எஃப்-8 ஆக மாற்றப்பட்டால், கட்டுரைகள் அனைத்தும் படிக்க இயலாத குறிகளாகின்றன. தரவை இலத்தீன்-1 எனவே வெளியெடுத்து, யு.டி.எஃப்-8 என அறிவித்து உள்ளிடுவது இதற்கான தீர்வு. பழைய தரவுத்தளத்தை அழித்துவிடாமல் வைத்திருந்தால் இது எளிதாகக் கைகூடும்.

மின்னஞ்சல்

மறுவிற்பனையாளரின் நேரத்தில் பெரும்பகுதி மின்னஞ்சலிலேயே செல்கிறது. ஒரே ஐ.பி. முகவரியைப் பலர் பகிர்வதால், ஒருவரின் கணக்கு எரிதங்கள் அனுப்பினால் அனைவருடைய மடல்களும் மறுக்கப்படலாம். கண்டுபிடிக்கக் கடினமான இன்னொரு பிழையும் உண்டு. ஒரு வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குச் சென்ற பின்னும் அவர் கணக்கு பழைய வழங்கியில் எஞ்சியிருந்தால், அவ்வழங்கியில் உள்ள பிறர் அவருக்கு அனுப்பும் மடல்கள் வெளியே செல்லாமல் அந்தக் கைவிடப்பட்ட பெட்டியிலேயே விழும். அனுப்பியவருக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது.

ஆள்களப் பெயரின் உரிமை

கோப்புகளை இழந்தால் படியிலிருந்து மீட்கலாம். ஆள்களப் பெயரை இழந்தால் அவ்வாறு மீட்க இயலாது. மறுவிற்பனையாளர் வசதி கருதி எல்லா ஆள்களங்களையும் தம் பெயரிலேயே பதிந்துவிடுவது பரவலான வழக்கம். அவ்வாறு பதிந்தால் பதிவாளரின் ஏட்டில் உரிமையாளர் அவரே. பணம் கொடுத்த கடைக்காரர் அல்லர். அவர் தொழிலைக் கைவிட்டாலோ இறந்தாலோ, இடமாற்றத்துக்கு வேண்டிய இசைவுக் குறியீட்டைப் பெறக் கடைக்காரருக்கு வழியில்லை. 2018 மே மாதத்துக்குப் பின் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டத்தின் விளைவாகப் பதிவு விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்படுவதால், தம் ஆள்களம் யார் பெயரில் உள்ளது என்பதை அவர் வெளியிலிருந்து அறிவதும் கடினமாயிற்று.

ஆகவே ஆள்களப் பெயரை வாடிக்கையாளரின் பெயரிலும் அவருடைய சொந்த மின்னஞ்சல் முகவரியிலும் பதிந்து, மேலாண்மை உரிமையை மட்டும் மறுவிற்பனையாளர் வைத்துக்கொள்வதே முறையாகும். அம்மின்னஞ்சல் முகவரி அதே ஆள்களத்தைச் சார்ந்ததாக இருத்தலாகாது; ஆள்களம் காலாவதியானால் எச்சரிக்கை மடலும் வந்து சேராது. டாட் காம் போன்ற பொது ஆள்களங்கள் காலாவதியாகி அழிக்கப்பட்ட பின், 30 நாட்களுக்குள் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்கலாம். அதற்குப் பின் 5 நாட்கள் எவராலும் தொட இயலாத நிலையில் இருந்து, பின்னர் யார் வேண்டுமானாலும் பதியக்கூடியதாகிவிடும்.