கப்பலில் சென்னை வருபவர்களின் கார் ஏன் பழவேற்காடு பக்கம் திரும்புவதில்லை? ஓர் எட்டு மணி நேரக் கணக்கு

சென்னைத் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் சுமார் 60 கிலோமீட்டர். பழவேற்காடும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஒன்று தெற்கே, இன்னொன்று வடக்கே. ஆனால் வெளிநாட்டுச் சொகுசுக் கப்பல் ஒன்று காலையில் வந்து நின்றால், அதிலிருந்து இறங்குபவர்களை ஏற்றிக்கொள்ளும் கார்கள் பெரும்பாலும் தெற்கேதான் போகும். மாமல்லபுரம், காஞ்சிபுரம், போகிற வழியில் தட்சிணசித்ரா. வடக்கே போகிற சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்.

விசித்திரம் என்னவென்றால், 400 ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பியக் கப்பல்கள் தேடி வந்தது வடக்கே இருக்கும் பழவேற்காட்டைத்தான். டச்சுக்காரர்கள் அங்கே 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். ஆங்கிலேயர்கள் சென்னையில் இடம் வாங்கியதே 1639-ல்.

முதலில், இந்த ஒரு நாள் டூர் எப்படி நடக்கிறது?

2022 ஜூன் 4 அன்று முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்த கோர்டிலியா கப்பல் நினைவிருக்கும். ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அது சென்னையில் ஆளை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போகிற கப்பல். நாம் பேசுவது வேறு ரகம்: பல நாடுகளைச் சுற்றி வருகிற கப்பல், காலையில் சென்னையில் நின்று, மாலையில் கிளம்பிவிடும். பயணிகளுக்கு இங்கே ஒரு பகல் மட்டும்தான். வெளிநாட்டுப் பயணிகள் இ-விசாவுடன் இறங்க அனுமதி உள்ள துறைமுகங்களில் சென்னையும் ஒன்று.

ஊர் சுற்ற அவர்களுக்கு இரண்டு வழி. கப்பல் நிறுவனமே விற்கும் பேருந்து டூர்: விலை அதிகம், ஆனால் பேருந்து டிராஃபிக்கில் மாட்டினால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். இல்லையென்றால் தனியாக ஒரு காரும் டிரைவரும்: விலை குறைவு, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் லேட்டானால் கப்பல் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான்.

இந்த ஒரு பயம்தான் டூர் எங்கே போகும் என்பதையே முடிவு செய்கிறது. காலை 7 மணிக்குக் கப்பல் வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குடியேற்றச் சோதனை முடிந்து வாசலுக்கு வர எட்டரை ஆகும். நாலரைக்குத் திரும்பி வந்துவிட்டால்தான் நிம்மதி. கையில் இருப்பது எட்டு மணி நேரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வரும் நேரத்தை டிரைவர் ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார். எண்ணூர் சாலையில் எந்த டிரைவரும் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டார். மாமல்லபுரத்துக்கு யுனெஸ்கோ பட்டியலில் 1984-லிருந்து இடம் உண்டு. நல்ல கழிப்பறையும் உண்டு. வயதான பயணிகளுக்குப் பின்னது முக்கியம், சிரிக்காதீங்க.

சரி, வடக்கே போனால் என்ன தெரியும்?

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். அங்கே கொசஸ்தலை ஆற்றைத் தாண்டினால் அனல் மின் நிலையம், 2001-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட காமராஜர் துறைமுகம், அதற்கு அடுத்தது காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவில் நீளமான ஒரு மணல் திட்டு.

இந்தத் திட்டில்தான் 2010-ல் சென்னையின் முதல் பெரிய கடல்நீர் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. மீஞ்சூர் ஆலை என்று சொல்கிறோமே, அது உண்மையில் இருப்பது காட்டுப்பள்ளியில். எல் அண்ட் டி கட்டிய கப்பல் தளமும் துறைமுகமும் இங்கேதான். அந்தத் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் இடம் மாற்றப்பட்டார்கள். நிரந்தர வேலை கேட்டுப் பிறகு போராடவும் செய்தார்கள். 2018-ல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் பழுது பார்க்க வந்து நின்றதும் இங்கேதான். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் முறை.

சுற்றுலாப் பயணி பார்க்க இதில் ஒன்றும் இல்லை. மதில் சுவர், லாரி, மறுபடி மதில் சுவர். ஆனால் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் பற்றிச் செய்திகளில் படித்திருந்தால், அந்த மதில் எங்கே முடிகிறது, குப்பங்கள் எங்கே தொடங்குகின்றன என்று கண்ணால் பார்ப்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கு. விரிவாக்கம் வந்தால் கடல் அரிப்பு கூடும், ஏரியின் முகத்துவாரம் பாதிக்கும் என்பது மீனவர்களின் அச்சம். 2021 ஜனவரி 22-க்கு அறிவிக்கப்பட்ட கருத்துக் கேட்புக் கூட்டம் கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5-க்கு அறிவித்த கூட்டமும் நடக்கவில்லை.

காட்டுப்பள்ளியிலிருந்து காளாஞ்சி, கருங்காலி வழியாகக் கடலோரமாகவே பழவேற்காடு போகலாம். அழகான சாலைதான். ஆனால் கடல் சீற்றம் வந்தால் கருங்காலிப் பக்கம் சாலையை மணல் மூடிவிடும். கிளம்பும் முன் விசாரிச்சுக்கோங்க.

பழவேற்காட்டில் பார்க்க என்ன இருக்கு?

கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர்தான். டச்சுக் கல்லறைத் தோட்டத்தை மட்டும் தொல்லியல் துறை பராமரிக்கிறது. அதன் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே கல்வெட்டுகளில் நல்ல வேலைப்பாடு. இங்கிருந்து துணி போனது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அடிமைகளாக மனிதர்களும் இதே கரையிலிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்வது நல்லது.

அப்புறம் ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவில். பூநாரை பார்க்க வேண்டுமென்றால் நவம்பர் முதல் மார்ச் வரை வர வேண்டும். குளிர்காலத்தில் வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துப்போகும். ஜூனில் கோர்டிலியாவுக்காகச் சென்னை வந்து, ஒரு நாள் முன்னாடியே இறங்கி ஏரிக்குப் போகலாம் என்று திட்டம் போடுபவர்களுக்குத் தண்ணீரும் வானமும்தான் கிடைக்கும்.

மதியம் நண்டு சாப்பிடலாம். சிங்கப்பூருக்கு உயிரோடு ஏற்றுமதியாகும் பெரிய களி நண்டு இந்த ஏரியில்தான் பிடிபடுகிறது.

படகில் போகலாமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஆனாலும் மீன்பிடிப் படகில் ஏற்றிச் செல்வது அவ்வப்போது நடக்கிறது. உயிர்காப்பு உடை இல்லாத படகில், முகத்துவாரம் வரைக்கும் போய் வரலாம் என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீங்க. ஆறும் கடலும் மோதும் இடம் அது. கரையிலிருந்து பார்க்கும்போது அமைதியாகத்தான் தெரியும்.

இதை மீனவர்களின் பக்கமிருந்தும் பார்க்கணும். மீன் கிடைக்காத நாளில் ஒரு சவாரி என்பது டீசல் காசு. தடை இருப்பதால் காப்பீடும் இல்லை, நிர்ணயித்த கட்டணமும் இல்லை. விபத்து நடந்தால் படகோட்டிதான் குற்றவாளி.

இத்தனைக்கும், முறை வைத்துப் பங்கிடுவதில் இந்த ஊரை மிஞ்ச ஆள் இல்லை. இங்கே 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. இறால் நன்றாக விழும் இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிக் கொஞ்சம்தான். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்கள் அந்த இடங்களைத் தங்களுக்குள் நாள் கணக்கில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. இன்று உனக்கு, நாளை எனக்கு. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து. இந்த ஒழுங்கில் எல்லோருக்கும் இடம் இல்லை என்ற விமர்சனமும் உண்டு: கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்குப் பாட்டில் பங்கில்லை.

ஆனாலும் சுற்றுலாப் படகுக்கு உரிமம், உயிர்காப்பு உடை, ஆள் எண்ணிக்கை வரம்பு இவற்றை அரசு வகுத்துக் கொடுத்துவிட்டு, யார் படகு எந்த நாள் ஓடும் என்பதை ஊரிடமே விட்டால் நடக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வலை கட்டியிருக்கும் இடத்தில் படகை விடக் கூடாது என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போதைய நிலையில், துறைமுகத்திலிருந்து ஒரு கார் பழவேற்காடு வந்தாலும் காசு டிரைவருக்கும் சென்னை ஏஜென்டுக்கும்தான் போகிறது. குப்பத்துக்கு ஒரு நண்டுக் குழம்பின் விலைதான் மிச்சம்.

திரும்பும்போது?

நேர் பாதை என்று நினைத்து வந்த வழியே எண்ணூருக்குள் போகாதீங்க. மாலை நெருங்க நெருங்க லாரிக் கூட்டம் கூடும். பொன்னேரி போய், தச்சூர் கூட்டு ரோட்டில் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, செங்குன்றம், மாதவரம் வழியாக நகருக்குள் வரலாம். சுற்றுதான், ஆனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் 9 மணிக்குள் கிளம்பினால் 11 மணிக்குப் பழவேற்காடு. அங்கே முழுசாக இரண்டரை மணி நேரம். கல்லறை, ஏரிக்கரை, சாப்பாடு இவ்வளவுக்குத்தான் அது சரியாக இருக்கும். நண்டு ஆர்டரை மட்டும் போனவுடனே சொல்லிடுங்க, ஒன்றரைக்கு மேல் அங்கே உட்காராதீங்க.